புதினா வாசம்

"வாசனை வருதா?"

காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்த கணவர், புதினா டீயை ஒரு வாய் குடித்தார். "வருது."

"சும்மா சொல்லாதீங்க. புதினா தூக்கலா இருக்கா, இஞ்சியா?"

"புதினாதான். ஜம்முனு இருக்கு."

மனைவி அடுப்படிக்கு ஓடினாள். இன்னும் ஒரு பிடி இலையைக் கசக்கிப் போட்டு, மூடி வைத்து, மறு கோப்பை கொண்டுவந்தாள். வந்த வேகத்தில் டீ தட்டில் தளும்பியது.

"இப்போ?"

"மூக்கைத் துளைக்குது! எத்தனை தடவைதான் சோதிப்பே? எனக்கு மூக்கும் நாக்கும் நல்லாத்தான் இருக்கு. வீணாப் பயப்படாதே."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இருக்குங்க. உங்ககிட்டேயிருந்து காய்ச்சல் எனக்கும் ஒட்டிச்சே, அதுக்கப்புறம் எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலை. இது எனக்கு வெறும் வெந்நீர். நாளைக்குக் கம்பெனியில அறுபது டீயை ருசி பார்த்துத் தரம் சொல்லணும். எப்படிச் சொல்லுவேன்?"

பதினெட்டு வருஷமாக நாக்கை நம்பியே வேலை பார்ப்பவள். அவளுக்கும் காய்ச்சல் வந்தபோது, "உனக்கு எப்படி இருக்கு?" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லு. டாக்டர்கிட்ட போவோம், நானும் வரேன்."