கையுறை போட்ட மகாராணி

சித்லாலி மூன்று வாரமாக வேலைக்கு வரவில்லை.

அவளுடைய அறைகளையும் சேர்த்துக் கழுவுகிறவள் அவள் அம்மா ஹசிந்தா. ஹசிந்தாவுக்கு முழங்கால் வீக்கம். ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் மாடி ஏறுகிறாள்.

நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் எங்களுடையது. எங்களுடையது என்றால் கழுவுவது நாங்கள், முதலாளி வேறு. துப்புரவு ஆட்களுக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் மேஸ்திரி. என் ஆட்கள் ஓர் அறையைப் பதினெட்டு நிமிடத்தில் முடிப்பார்கள். சித்லாலிக்குப் பதினாறு போதும். பதினாலு வயதில் வாரக் கடைசிகளில் அம்மாவோடு வர ஆரம்பித்தாள். நான் பழக்கிய கை.

லீவு எதற்கென்று கேட்டேன். காகிதம் புதுப்பிக்க வேண்டும் என்றாள். அதற்கு ஒரு நாள் போதாதா, மூன்று வாரம் என்ன கணக்கு என்றேன். சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

காகிதம் என்ன என்பது எங்கள் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். சிறு பிள்ளையாக எல்லை தாண்டித் தூக்கி வரப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுப்பது. இரண்டு வருடத்துக்கு உன்னைத் துரத்த மாட்டேன், வேலை செய்து பிழைத்துக்கொள். அவ்வளவுதான். முடிந்ததும் மறுபடி மனு, பணம், படம், ரேகை, கையெழுத்து. பிச்சை கேட்பதற்கும் தவணை வைத்திருக்கிறார்கள்.

சித்லாலி வந்தபோது வயது மூன்று. இப்போது இருபத்து மூன்று. பிறந்த ஊரில் அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. அவள் காகிதம் ஜனவரி ஒன்பதோடு முடிகிறது. பக்கத்து வீட்டு ரூபெனின் மகனுக்குப் போன வருடம் காகிதம் முடிந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், திஹுவானாவில் யார் வீட்டுத் தரையிலோ படுத்துக் கிடக்கிறான்.

இப்படிக் கழுத்தில் கத்தி இருக்கும்போது இந்தப் பெண் என்ன செய்தாள்?

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் தமால் போடுவோம். காய்ந்த சோளக்கதிர்த் தோலில் மாவைத் தடவி, கறி வைத்து, மடித்து அவிக்க வேண்டும். இருநூறு ஆகும். வந்தவர்கள் எல்லோரும் கை போட வேண்டும் என்பது வழக்கம். நானே போடுவேன்.

சித்லாலி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். மூலை நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கிட்டே போனால் வாஸ்லின் களிம்பு வாடை.

"மகாராணிக்குக் கிரீடம் எங்கே?" என்றேன்.

"மெருகு போடக் குடுத்திருக்கேன் மாமா."

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஹசிந்தா நின்றுகொண்டே மாவு தடவினாள். எங்களோடு மோட்டலில் கழுவுகிற என் பெண்டாட்டி செலா உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பேர் வேலையை இங்கேயும் அவளே செய்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஊறவைத்த மிளகாய்ச் சட்டியை எடுத்துச் சித்லாலியின் மடியில் வைத்தேன். விதையாவது எடு என்றேன்.

ஹசிந்தா பாய்ந்து வந்து சட்டியைப் பிடுங்கினாள். மேசைக் காலில் முழங்கால் இடித்தது. வலியில் முகம் கோணிப்போயிற்று.

"அவ தொட மாட்டா அண்ணே."

வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பெற்றவள் கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடக்கிறது, பிள்ளை கைக்கு அலங்காரம் செய்கிறது என்றேன். இவளுக்குக் காகிதம் ஒரு கேடா என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

சித்லாலி கையுறைகளைக் கழற்றினாள். பத்து விரலையும் விளக்கடியில் விரித்துக் காட்டினாள்.

விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன, கரண்டியின் முதுகு மாதிரி. ஒரு கோடு இல்லை.

"ரெண்டு தடவ போனோம்," என்றாள் ஹசிந்தா. "ரேகை இல்லன்னு மெஷின் எடுக்கல. பிளீச்சிங்குலயும் ஆசிட்லயும் தேஞ்சு போச்சாம். தண்ணி படாம, உரசாம வச்சிருந்தா கொஞ்சம் வளரும்னு டாக்டர் சொன்னாரு. செவ்வாக்கெழம மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கும் எடுக்கலன்னா..."

 ஜனவரி ஒன்பதுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இந்த நாட்டின் கக்கூஸைக் கழுவிக் கழுவித் தேய்ந்த விரல். அதை வைத்துப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறது ஒரு மெஷின். அந்த அலுவலகத்தை, அதைக் கட்டியவனை, காகிதத்துக்குத் தவணை போட்டவனை எல்லாம் திட்டித் தீர்த்தேன்.

இதை என்னிடம் முதலிலேயே சொல்வதற்கென்ன என்றும் கேட்டேன்.

"மாமாகிட்ட சொல்ல வேணாம்னு இவதான் சொன்னா," என்றாள் ஹசிந்தா.

"ஏன்?"

ஹசிந்தா மகளின் கையுறைகளை எடுத்து மடித்தாள். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. சித்லாலி பக்கம் திரும்பினேன்.

"உம்மேலயும் தப்பு இருக்கு. ஸ்டோர் ரூம்ல பெட்டி பெட்டியா ரப்பர் கையுறை கெடக்கு. அன்னிக்கே போட்டிருந்தா இன்னிக்கு இப்படி நிப்பியா? பொறுப்பு வேணாம்?"

சித்லாலி தலையைக் குனிந்துகொண்டாள். ஹசிந்தா அவள் தோளை அழுத்தினாள், பேசாதே என்பதுபோல.

செலா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"மொத நாள் போட்டுக்கிட்டுத்தான் வந்துச்சு கிழவா. 'இத மாட்டிக்கிட்டா பதினெட்டு நிமிஷத்துல முடியாது'ன்னு கழட்டிக் குப்பையில போட்டது நீதான்."