தீ மணி

"பொம்பா ஆபிசுக்குப் போன் போட்டேன், தாயம்மா. சிரம்பான்ல தீயணைப்பு வண்டி நிக்குதாம், ஆனா எண்ணெய் இல்லையாம். வர முடியாதுன்னுட்டான்."

ரப்பர் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம் மூச்சிரைக்கச் சொன்னார். எதிரே ஆயாக் கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரை பற்றி எரிந்தது. பால் வெட்டப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. தாயம்மாவும் தன் எட்டு மாதக் குழந்தையை விடிகாலையில் அங்கேதான் விட்டிருந்தாள்.

புகையைக் கண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவள் அவள். இரண்டு முறை வாசல் வரை போனாள், அனல் விடவில்லை. உள்ளே அழுகைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிள்ளைகள் புகையில் மயங்கிவிட்டன என்று நினைத்தாள்.

தோட்டத்தில் பதினெட்டுப் பேர் கொண்ட தீயணைப்புப் படை உண்டு. தண்டவாள மணியை மூன்று மூன்றாக அடித்தால், எங்கே இருந்தாலும் வாளியோடு ஓடி வந்துவிடுவார்கள். தாயம்மாவின் புருஷன் சன்னாசிதான் அதற்குத் தலைவன். ஆனால் பதினெட்டுப் பேரும் ஒரு வாரமாகப் பக்கத்துக் காட்டில் ஒளிந்திருந்தார்கள். சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். பிடிபட்டுப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

"அவங்க வெளிய வந்தா பிடிச்சிட்டுப் போயிருவாங்களே, ஐயா."

"ஜப்பான்காரனுங்க எல்லாம் இன்னைக்குக் கெமாஸ் போயிட்டானுங்க லா. நான் கூப்பிட்டா நம்ப மாட்டாங்க. நீ கூப்பிடு."

தாயம்மா கொட்டகையைப் பார்த்தாள். பிறகு இரும்புத் துண்டை எடுத்து மணியை அடித்தாள். தொண்டை கிழியப் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

பதினெட்டுப் பேரும் வந்தார்கள். ஓடையிலிருந்து வாளிகள் கைமாறின. சன்னாசி நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே பாய்ந்தான். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்தான்.

"உள்ள ஒரு பிள்ளையும் இல்ல," என்றான்.

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து இரண்டு லாரிகள் வந்தன. துப்பாக்கிகள் பதினெட்டுப் பேரையும் வளைத்தன.

லாரிகளின் இரைச்சல் அடங்கிய பிறகு, மங்கம்மா ஆயா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாயம்மாவின் குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"கொட்டகைக்கு மருந்தடிக்கணும்னு, நீங்க வெட்டுக்குப் போனதுமே எங்களைக் கோயிலுக்கு அனுப்பிட்டாரு மண்டோர்," என்றாள்.