நாற்பத்துநான்காவது ஓட்டு

"இன்னிக்கும் ஓட்டுப் போடலையா?"

தலைநகரில் மெம்பர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் கூடத்தில் எல்லார் முன்னாலும் ஹெட்டி லார்கின் கேட்டாள். தன் தொகுதி மெம்பரை நேரில் பிடித்து நாலு வார்த்தை கேட்பதற்காகவே தொண்ணூறு மைல் ரயிலில் வந்திருந்தாள்.

சட்டசபை மெம்பர் தோர்சன், "இல்லை" என்றார்.

"நாளைக்கு?"

"போடமாட்டேன்."

ஹெட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாஷிங்டனுக்கு ஒரு செனட்டரை அனுப்ப வேண்டும். அந்த 1911-ல் செனட்டரைத் தேர்ந்தெடுத்தது ஜனங்கள் இல்லை, மாநிலச் சட்டசபை. இரண்டு கட்சிக்கும் தலா நாற்பத்துநாலு பேர், சரிசமம். ஐந்து வாரமாகத் தினமும் மத்தியானம் ஓட்டெடுப்பு, தினமும் இழுபறி. வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

"எதிர்க்கட்சி கொனாலி பத்து நாளா நிமோனியாவுல படுத்திருக்கார். அவங்க நாற்பத்துமூணு, நாம நாற்பத்துநாலு. நீங்க வாயைத் திறந்து ஒரு பேரைச் சொன்னா நம்ம ஆள் செனட்டர்! நீங்க என்னடான்னா மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கீங்களாம்."

"ஆமாம்மா."

"எங்க ஊர்ப் பாலம் வெள்ளத்துல போயிடுச்சு. என் ரெண்டு பொண்ணுங்களும் உறைஞ்ச ஆத்து மேல நடந்து ஸ்கூலுக்குப் போகுதுங்க. மூணு வாரத்துல ஐஸ் உடைஞ்சிடும். பாலத்துக்குப் பணம் கேட்டா, முதல்ல செனட்டர் முடியட்டும்ங்கறீங்க! எதிர்க்கட்சி ஆளுக்குப் பின்னால நிக்கிற ரயில்வே கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான் உங்களுக்கு?"

பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த அவருடைய கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். "நல்லாக் கேளுங்கம்மா. துரோகி! நாங்க கேட்டுக் கேட்டு அலுத்துட்டோம்."

தோர்சனின் முகம் சிவந்தது.

ஹெட்டி ஒரு காகிதக் கட்டை அவர் கையில் திணித்தாள்.

"முந்நூறு கையெழுத்து. செனட்டரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும்னு மனு. பொம்பளை எனக்கு ஓட்டு இல்லை, அது வேற கதை. ஊர் ஆம்பளைங்க போட்டிருந்தாக்கூட ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்!"

அப்போது மாடிப்படியில் ஒரு பெண் குரல் பதறியது. "மிஸ்டர் தோர்சன்! மறுபடியும் கோட்டை மாட்டிக்கிட்டார்!"

மனுவும் கையுமாகத் தோர்சன் மேலே ஓடினார். விடுவதாக இல்லை என்று ஹெட்டியும் பின்னாலேயே ஏறினாள்.

அறையில் கட்டில் விளிம்பில், இரவு உடுப்புக்கு மேல் கோட்டோடு ஒருவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிக் கொனாலி!

"நீ ஓட்டுப் போட்டுட்டியா?" என்றார் தோர்சனைப் பார்த்து.

"போடலைடா. நீ எழுந்து வர்ற வரைக்கும் போடமாட்டேன்னு சொன்னேன் இல்ல? படு, பைத்தியக்காரா."

கொனாலி அடங்கிப் படுத்தார்.

அவர் மனைவி ஹெட்டியிடம் மெதுவாகச் சொன்னாள்: "முதல் நாள் ஸ்ட்ரெச்சர்லயாவது வர்றேன்னு வாசல் வரைக்கும் போயிட்டார். இந்தக் குளிர்ல போனா பிணமாத்தான் திரும்புவார்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் சத்தியம் பண்ணின பிறகுதான் படுத்தார். இவரோட கட்சிக்காரங்களுக்குத் தெரிஞ்சா இந்த ரூமுக்கே வந்து சண்டை போடுவாங்கன்னு வெளியில மூச்சு விடலை."

ஹெட்டி தோர்சனிடம் கையை நீட்டினாள்.

"மனுவைக் குடுங்க. கிழிச்சுப் போட்டுடறேன். உங்களை மாதிரி மனுஷங்க சட்டசபையில இருக்கறப்போ..."

"கிழிக்காதீங்க." தோர்சன் அதை மேஜையில் விரித்துக் கையெழுத்துப் போட்டார். "ஒரு பக்கம் இவன் உயிர். இன்னொரு பக்கம் ஐஸ் மேல நடக்கிற உங்க பொண்ணுங்க. பத்து நாளா நான் தூங்கலைம்மா. இப்படி ஒரு ஓட்டு எந்த மனுஷன் கையிலயும் இருக்கக் கூடாது."

கட்டிலிலிருந்து இருமலுக்கு நடுவே கொனாலியின் குரல் வந்தது.

"அந்தப் பேனாவை இப்படிக் குடு."