முகம் பார்க்க ஒரு நொடி

விவாகரத்துத் தீர்ப்பின்படி, அவன் ஓட்டும் விதத்துக்குக் கார் தரும் பாதுகாப்பு மதிப்பெண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் சபேசன் மகளை வெளியே அழைத்துப் போக முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர்ச் சாலைகளில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். சாலையை விட்டுக் கண் விலகினால் காருக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வயது நிறைமதியும் அதற்குப் பழகிப்போய், பக்கத்து இருக்கையில் வாயே திறக்காமல் வருவாள். பேச வேண்டியதையெல்லாம் பூங்காவில் இறங்கிய பிறகு பேசிக்கொள்வார்கள்.

அன்று மேம்பாலத்தில் ஏறியதும் அவளே ஆரம்பித்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு மஸ்கட்ல வேலை கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் நானும் போறேன்.”

அங்கே வண்டியை நிறுத்த வழியில்லை. “அப்படியா கண்ணு?” என்றான், சாலையைப் பார்த்தபடியே. பக்கத்தில் விசும்பல் கேட்டது.

சபேசன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கையால் கண்ணீரைத் துடைத்துவிட்டான்.

“கவனம் சிதறியது. மதிப்பெண் எண்பத்தெட்டு” என்றது கார்.

“ஐயோ, எதுக்குப்பா பாத்தீங்க? இனி உங்ககூட விடமாட்டாங்களே!”

“விடாட்டிப் போகுது சாமி. நீ அழுகறப்ப ரோட்டையே பாத்துட்டு இருக்க முடியுமா?”

மறு ஞாயிறு அவன் நிறைமதியின் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தான். வீட்டுக்குள் வர அவனுக்கு அனுமதியில்லை. பூட்டிய கேட்டின் இருபுறமும் நின்று இருவரும் பேசினார்கள். தூறல் வலுத்து அம்மா கூப்பிட்டபோதும் நிறைமதி உள்ளே போகவில்லை.