அத்தை கேட்ட கியர்

"மாமா எவ்ளோ மிதிச்சாலும் இந்த வண்டி வேகமா போகவே கூடாது, சாம்ராஜ்," என்றார் லோயிஸ் அத்தை, கடைக்குள் காலை வைத்ததும் வைக்காததுமாக.

சாம்ராஜ் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. திருப்பதியில் அவன் சைக்கிள் கடை வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு கோரிக்கையை யாரும் கொண்டுவந்ததில்லை. ஜெபகுமார் மாமாவுக்காக ஒவ்வொரு பாகமாகப் பார்த்துப் பார்த்துக் கோத்துக்கொண்டிருந்த சைக்கிள் அது. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது, ஒரு மிதிக்கு வண்டி பறக்க வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. அத்தை கேட்டதோ நேர் எதிர். முன்னால் இருப்பதிலேயே சின்னதைப் போடு, பின்னால் பெரிய பெரியதாகப் போடு என்றார்.

வேறு யாராவது என்றால் முடியாது என்று அனுப்பியிருப்பான். இவர்கள் ஷோபாவைப் பெற்றவர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவனுக்கும் ஷோபாவுக்கும் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். இந்தக் கல்யாணத்துக்கு யாராவது தடை சொல்கிறீர்களா என்று பாஸ்டர் சபையார் முன்னால் கேட்பார். பெண்ணின் அம்மாவோ அப்பாவோ எழுந்து நின்றுவிட்டால்?

அத்தைக்கு மாமா விழுந்துவிடுவாரோ என்று பயம் போலிருக்கிறது. முதல் தரமான பிரேக் போட்டிருக்கிறேன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தான். அத்தை அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"சனிக்கெழம விடிஞ்சா சைக்கிள எடுத்துக்கினு நாராயணவனம் பக்கம் பூட்றாரு. டிபனுக்குத்தான் மூஞ்சியே பாக்கறேன். இதுல இன்னும் வேகம் வேணுமா அவருக்கு?"

கிளம்பும்போது இன்னொரு சந்தேகமும் கேட்டார். மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கடகடவென்று அலறுமே, இதில் அப்படி ஆகாதே என்றார். மாமா வீட்டில் காது புளிக்க இதையேதான் பேசுவார் போல என்று சாம்ராஜ் நினைத்துக்கொண்டான்.

கடைசியில் அத்தை சொன்னதையே மாட்டினான். மாமா கோபம் வந்தால் கத்திவிட்டு மறந்துவிடுவார். அத்தை மறக்கிற ரகமில்லை.

சனிக்கிழமை காலையில் மாமா புது பனியன், புது ஷூவோடு மாப்பிள்ளை போல வந்து வண்டியில் ஏறினார். தெருவில் அவர் கால்கள் பம்பரமாகச் சுற்றின. வண்டி மட்டும் தேர் மாதிரி அசைந்து அசைந்து போனது. பால் கேனைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு துருப்பிடித்த சைக்கிள் அவரைத் தாண்டிப் போவதைச் சாம்ராஜ் கண்ணால் பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஊர் எல்லைவரை போய்த் திரும்பிய மாமா வியர்வையில் குளித்திருந்தார்.

"இன்னாப்பா மாட்டி வெச்சிக்கிற? காலு சுத்திக்கினே இருக்குது, வண்டி நவுர மாட்டேங்குது. யாரு சொல்லி இத மாட்ன?"

சாம்ராஜ் குனிந்து செயினைத் துடைக்க ஆரம்பித்தான். உண்மையைச் சொன்னால் அத்தை விடமாட்டார். மறைத்தால் மாமா விடமாட்டார். விடிந்தால் ஓலை. ஷோபா கைநழுவிப் போய்க்கொண்டே இருக்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, ஷோபாவின் கியர் சைக்கிளை மிதித்தபடி லோயிஸ் அத்தை வந்தார். மாமாவின் பின்சக்கரத்தில் மோதாத குறையாகப் பிரேக் போட்டு நிறுத்தினார்.

மாமா திரும்பிப் பார்த்தார். அத்தை முகமெல்லாம் சிரிப்பாக அவரைப் பார்த்துச் சொன்னார்:

"அப்பாடா, இன்னிக்குத்தான் உங்கள எட்டிப் புடிச்சேன்."