ஒன்பதாவது கையெழுத்து

"அரை அங்குலம் கூட இருக்கே. உனக்கு வேலை கிடையாது, போ!"

மேனேஜர் நாற்காலியில் இருந்த அழகுசுந்தரம் அளவு டேப்பைச் சுருட்டி டிராயரில் போட்டார். சோணைமுத்துவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே? ரேடியோ செய்யிற வேலைக்கு உயரம் எதுக்கு?

"சார், போன தடவை அளந்தப்ப சரியா இருக்குன்னீக!"

"அதுக்கப்புறம் வளந்திருக்கே."

"இருபத்தஞ்சு வயசுலயா?"

"அதை என்கிட்டக் கேட்டா?"

செந்தாமரை டிரான்சிஸ்டர் கம்பெனி என்று காரைக்குடியில் அந்தப் பெரிய வீட்டு வாசலில் போர்டு தொங்கியது. உள்ளே ஒரு ரேடியோகூடச் செய்து முடித்த பாடில்லை. செய்ய ஆள் வேண்டுமே!

கம்பெனி ஒன்பது பங்காளிகளுக்குச் சொந்தம். பொது வீட்டில் ஓடு மாற்றுவதென்றாலும் ஒன்பது பேரும் சம்மதிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கம்பெனிக்கும் அதையே வைத்துவிட்டார்கள். ஆளை ஒன்பது பேரும் நேரில் பார்த்து, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. அவர்களோ மெட்ராஸ், கொழும்பு, பினாங்கு என்று ஆளுக்கொரு திக்கில் இருந்தார்கள். ஊருக்கு வருவது கல்யாணத்துக்கு மட்டும். அதனால் இன்டர்வியூவும் கல்யாண வீட்டில்தான்.

மதுரையில் ரேடியோ மெக்கானிக் படிப்பு முடித்த சோணைமுத்து, காளையார்கோவிலிலிருந்து பஸ் ஏறி ஏறி ஒன்றரை வருஷத்தில் ஆறு கல்யாணம் பார்த்துவிட்டான். கண்டனூரில் ஒருவர் பந்தியில் சாம்பார் ஊற்றச் சொன்னார். கை நடுங்குதா என்று பார்க்கணுமாம். இன்னொருவர், "வால்வு ரேடியோ நல்லதா, டிரான்சிஸ்டர் நல்லதா?" என்றார். இவன் டிரான்சிஸ்டர் என்றான். அவர் வீட்டில் இருந்தது வால்வு. அந்த மனுஷன் கோபம் தணிந்து கையெழுத்துப் போட அடுத்த கல்யாணம் வரவேண்டியிருந்தது.

அப்படி இப்படி எட்டுக் கையெழுத்து சேர்ந்துவிட்டது. இன்றைக்குச் சனிக்கிழமை, சோணைமுத்து ஒரு கவரோடு வந்தான்.

"சார், மின்சார வாரியத்துல எனக்கு ஆர்டர் வந்திருக்கு. திங்கக்கிழமை காலையில சிவகங்கையில சேரணும். கம்பத்துல ஏறுற வேலை. எனக்குப் புடிக்கல. ஆத்தாவும் ரெண்டு தங்கச்சிகளும் என்னைய நம்பித்தான் இருக்காக, ஆனாலும் படிச்ச படிப்பு இதுதானே. நான் இங்கனயே காத்திருக்கேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அழகுசுந்தரம் டேப்பை எடுத்தார். இப்போது விண்ணப்பத்தையும் எடுத்து, எட்டுக் கையெழுத்தோடு சேர்த்து நாலாகக் கிழித்தார்.

சோணைமுத்து பதறிப்போனான். "அடப்பாவி! என்ன காரியம் பண்ணிட்டீக? ஒன்றரை வருஷம் சார்!"

"உசரமான ஆளு கம்பத்துல ஏறத்தான் லாயக்கு. ஓடு!"

"நீங்க நல்லா இருப்பீகளா? நாலு பேரு வயித்தெரிச்சல் சும்மா விடாது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவரைச் சட்டைப்பைக்குள் திணித்து, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

போன மாசம்தான் வீடு பெருக்க வந்த மீனம்மாள் விளக்குமாற்றைத் தொப்பென்று போட்டாள்.

"பெத்த புள்ள மாதிரி நின்னான். உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா சார்? மேனேஜர்னா என்ன வேணாலும் செய்யலாமா?"

"அவன் திங்கக்கிழமை சிவகங்கையில இருக்கணும் மீனம்மா. ஒன்பதாவது பங்காளி பினாங்குல இருக்காரு. மத்த எட்டுப் பேரோடயும் பேச்சுவார்த்தை கிடையாது. எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டாரு."

"அதை அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே! எதுக்கு இந்த வசவு?"

"இதுக்கு முன்னாடி மூணு பேருகிட்டச் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. வந்த வேலையெல்லாம் விட்டுட்டு உக்காந்துட்டானுக. வஞ்சு விரட்டினாத்தான் போறானுக."

மீனம்மாளுக்குக் கோபம் இறங்கியது. "உங்களுக்கென்ன சார், நாற்காலி இருக்கு, மாசாமாசம் சம்பளம் வருது..."

"சம்பளமா? வேலையில சேந்தாத்தானே சம்பளம். நானும் விண்ணப்பம் போட்டு வந்தவன்தான். முடிவு தெரியிற வரைக்கும் இங்குட்டு உக்காந்து வர்றவுகளைப் பார்த்துக்கன்னாக. நாலு வருஷமாச்சு. சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துத்தான் சாப்பிடுறேன்."

மீனம்மாள் வாயில் கை வைத்தாள்.

"அட கடவுளே! ஊர்ப் பயலுகளையெல்லாம் விரட்டுறீகளே, நீங்க ஏன் சார் இன்னும் இங்கன கெடக்கீக? கிளம்ப வேண்டியதுதானே!"

அழகுசுந்தரம் டிராயரைத் திறந்து, தன் விண்ணப்பத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"எப்படிக் கிளம்புறது மீனம்மா? எட்டு வந்தாச்சு. இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதானே!"