பிடுங்காதீர்

"காணாமப் போனது விஷம் சார்" என்றான் தென்னரசு.

ஏட்டு கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாப்பா சொல்ற? பூச்சி மருந்து டின்னா?"

"இல்ல சார். வெட்டிவேரு."

ஸ்டேஷனில் இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் சிரித்துவிட்டார்கள். தென்னரசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் பஞ்சாயத்து ஆபீசில் இதே சிரிப்பு. அடுத்துப் போன ஆபீசில் "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லையே" என்று ஒரு கைவிரிப்பு. பெட்ரோல் தீர்ந்த மொபெட்டைத் திண்டிவனம் ரோட்டில் உருட்டிக்கொண்டு இங்கே வந்தால், இங்கேயும் அதே இளிப்பா?

"உக்காருப்பா, டென்ஷன் ஆவாத. அம்மணி, தம்பிக்குத் தண்ணி குடு. எங்க ஸ்டேஷன் தண்ணி குடிச்சா எப்பேர்ப்பட்ட கோவமும் எறங்கிடும்" என்றார் ஏட்டு.

ஸ்டேஷனைப் பெருக்கித் துடைக்கும் அம்மணி, வாசலில் இருந்த பானையிலிருந்து மொண்டு வந்தாள். மனு கொடுக்க வருகிறவர்களுக்காக வைத்த மண்பானை. தண்ணீர் சில்லென்று இருந்தது. தென்னரசு ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தான்.

வாய்க்காலிலேயே கிடந்து கிடந்து அவனுக்கு ஒரு வாரமாக ஜலதோஷம், மூக்கு சுத்தமாக அடைப்பு. குழம்பு வாசனையும் தெரியவில்லை, சாக்கடை நாற்றமும் தெரியவில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

"வெட்டிவேரைப் போயி விஷம்ன்றியே. அது உடம்புக்கு நல்லதாச்சேப்பா?"

"சாதா வேரு நல்லதுதான் சார். இது நான் வாய்க்கால் ஓரமா நட்டது. கத்திரித் தோட்டத்துக்காரங்க மருந்து அடிச்சுட்டு டிரம்மை அந்த வாய்க்கால்லதான் கழுவுறாங்க. அத்தனையும் ஏரிக்குப் போவுது. ஏரிக்கரை போர்லேர்ந்துதான் ஊருக்கே குடிதண்ணி. அதான் இதை நட்டேன். தண்ணியில இருக்கிற மருந்தை இந்த வேரு உறிஞ்சிக்கும்."

"உறிஞ்சி, செடிக்குள்ள போயி செரிச்சுடும். நல்லதுதானே?"

"நல்லாத்தான் உறிஞ்சிக்கினு இருந்துச்சு சார்! எவனோ ஒரு வரிசையை அப்படியே தோண்டிக்கினு போயிட்டான்."

"போர்டு கீர்டு வெச்சியா?"

"வெச்சேன் சார். 'பிடுங்காதீர்'னு."

"பிடுங்காதேன்னா பிடுங்கத்தான்யா தோணும்!" கான்ஸ்டபிள்கள் மறுபடியும் சிரித்தார்கள். "விஷம்னு எழுத வேண்டியதுதானே?"

"மொதல்ல எழுதினேன். தோட்டத்துக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க, அப்புறம் எங்க கத்திரிக்காயை எவன் வாங்குவான்னு. அழிச்சுட்டேன்."

சொல்லும்போதே தென்னரசுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. நாலு பேர் சத்தம் போட்டதற்குப் பயந்து அந்த ஒரு வார்த்தையை அழித்துத் தொலைத்தோமே என்று நொந்துகொண்டான்.

"சரி வுடு. போச்சுன்னா வேற நட்டுக்கோ. இதுக்கெல்லாம் ஒரு கேஸா?" ஏட்டு பேனாவைத் தொடக்கூட இல்லை. தன் டம்ளரை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

தென்னரசு எழுந்தே விட்டான்.

"ஐயோ, வேரு போச்சேன்னு நான் அழல சார்! செடி செரிக்கிறது கொஞ்சம்தான், மீதி மருந்து வேருலயே தங்கிடும். ரெண்டு வருசமா மருந்துலயே ஊறின வேரு அது. பார்த்தா நல்ல வேரு மாதிரிதான் இருக்கும், கமகமன்னு வாசனையும் அடிக்கும். அடிக்கிற வெயிலுக்கு எவனாவது குடிக்கிற தண்ணியில போட்டுட்டான்னா? கொழந்தை குட்டி இருக்கிற வீடா இருந்தா? அதுக்குள்ள கண்டுபிடிக்கணும்னுதான் ஆபீஸ் ஆபீஸா நாயா அலையறேன்!"

இந்தத் தடவை கான்ஸ்டபிள்கள் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏட்டு டம்ளரை மேசை மேல் வைத்தார். பிறகு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஏம்பா, நல்லாக் கழுவிட்டுப் போட்டா போயிடாதா?"

"கழுவுனா மண்ணுதான் சார் போவும். மருந்து வேருக்குள்ள இல்ல இருக்கு?"

இந்த ஆளுக்கு இன்னும் கிண்டல் தீரவில்லை. யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று தென்னரசுக்குத் தெரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"அக்கா, இன்னும் ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

அம்மணி டம்ளரை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் போனாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ஏட்டு பதறி எழுந்தார்.

"அம்மணி, மொள்ளாத! அந்தப் பானையை வேரோட தூக்கிக் கொட்டு!"